ஊர்க் காலேஜுக்குக் கிராண்ட் கேட்கப் போனவர்

தமிழிலும் சரி, தெலுங்கிலும் சரி, ஒருவர் முடியாது என்று சொல்வதாக இருந்தால் அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 'உங்கள் காலேஜுக்கு இந்த வருஷம் கிராண்ட் கொடுக்க' என்பதுவரை நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் கரஸ்பாண்டண்ட் சரியாக அந்த இடத்தில் எழுந்துவிடுவார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு. "ரொம்ப சந்தோஷங்க, வர்றேங்க." எதிரே இருக்கிற அதிகாரி மிச்சத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருப்பார். அந்த மிச்சத்தைக் கேட்க நான் ஒருவன்தான் அங்கே நின்றுகொண்டிருப்பேன்.

முதல் தடவை இதைப் பார்த்தது கர்னூலில். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து கர்னூல் தலைநகரமான புதிது. பாதி ஆபீஸ்களுக்குக் கட்டடம் கிடையாது. கித்தான் கூடாரம் அடித்து, உள்ளே மேஜை நாற்காலி போட்டு ராஜ்யத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் புத்தூரில் ரயில் ஏறி, வழியில் வண்டி மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கூடாரத்துக்குள் செங்கல் சூளை மாதிரி இருந்தது. அதிகாரி எங்கள் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மீ காலேஜிக்கி ஈ சம்வத்சரம் கிராண்ட் இவ்வடானிக்கி..." என்று ஆரம்பித்தார். கரஸ்பாண்டண்ட் எழுந்து கும்பிட்டுவிட்டார். "வீலு லேது" என்று அதிகாரி முடித்தபோது என்னைத்தான் பார்த்தார். வழியில்லை என்று அர்த்தம்.

வெளியே வேப்ப மரத்தடியில் அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கிட்ட அப்படிச் சொல்லலையே நைனா" என்றார். எங்கள் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், பிரியமாகக் கூப்பிடுகிற சின்னவனும் நைனாதான்.

"நீங்க நிக்கலையே ஐயா."

"நல்ல மனுஷன். மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. அடுத்த தபா குடுத்துடுவாரு."

திரும்பி வந்து புத்தூர் ஸ்டேஷனில் இறங்கினால், கமிட்டி ஆட்கள் நான்கைந்து பேர் எங்களுக்காக நின்றிருந்தார்கள். "இன்னா ஆச்சு?" என்றார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "ஆன மாதிரிதான். மேல கையெழுத்துக்குப் போய்க்கினு இருக்குது" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவர் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் கரஸ்பாண்டண்ட். பையன்களுக்கு அவர் முதுகுக்குப் பின்னால் 'சூஸ்தாம்'. பார்ப்போம் என்பதற்குத் தெலுங்கு. ஆபீஸ்களில் அவருக்கு அதிகம் கிடைத்த பதில் அதுதான். அந்தச் சொல்லை அவர் பிரசாதம் போலக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். "சூஸ்தாம்னு சொல்லிட்டாரு. இனிமே கவலை இல்ல."

காலேஜ் என்று சொல்கிறேனே தவிர அது ஒரு பழைய கடலை எண்ணெய் மில்லின் கிடங்கு. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து பிண்ணாக்கு வாசனை வரும். அப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூடம் முடித்தால் மேலே படிக்கச் சித்தூருக்கோ திருப்பதிக்கோ போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். அதற்கு வசதி உள்ளவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் தறிக்கோ கழனிக்கோ போவார்கள். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்பதும் நிச்சயமில்லாமல் கிடந்த காலம். நகரி நெசவுக்காரர்களும் புத்தூர், பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயிகளும் சேர்ந்து, யார் வந்தாலும் போனாலும் நமக்கென்று ஒரு காலேஜ் இருக்கட்டும் என்று ஆரம்பித்தார்கள். ஊர்க் காலேஜ் என்றே அதற்குப் பெயர். சர்க்காரிடம் கிராண்ட் வாங்குவதும் தனவந்தர்களிடம் நன்கொடை கேட்பதும் கரஸ்பாண்டண்ட் பொறுப்பு. அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. அவர் போர்டு ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தார்.

நான் அங்கே கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன். என் நைனா நகரியில் தறி நெய்தவர். சித்தூரில் தெலுங்குப் பையன்களோடு படித்ததால் எனக்கு ஆபீஸ் தெலுங்கு வரும். கரஸ்பாண்டண்டுக்குச் சந்தைத் தெலுங்குதான் வரும். அதனால்தான் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இங்கிலீஷ் அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் பிடிக்காது. "அந்த பாஷையில மொதல்லயே வெட்டிடுறான் நைனா" என்பார்.

அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்று சொன்னால் பொய். சின்ன மனிதர்கள் கொடுத்தார்கள். ரயில்வேயில் கழித்துப் போட்ட பெஞ்சுகளை ஒரு ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசி வாங்கினார். சித்தூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் தன் கடைத் தராசையே என் லாபுக்குக் கொடுத்தார். கார்வேட்டிநகரத்தில் ஒரு பாட்டுக்கார அம்மாள், வயதானவர், தன் வீட்டுப் பீரோவைக் கொடுத்தார். உள்ளே இருந்த பட்டுப் புடவைகளைத் தரையில் எடுத்து வைத்துவிட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். அதில்தான் நாங்கள் ஆசிட் பாட்டில்களை அடுக்கினோம். கரஸ்பாண்டண்ட் கேட்கும்போது கேட்கிற மாதிரியே இருக்காது. எதிரே இருப்பவருக்கு ஏதோ நல்லது நடக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் கொடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய இடங்களில்தான் அந்த வித்தை பலிக்கவில்லை.

அலிபிரியில் நடந்தது அப்படித்தான். ஒரு பெரிய மில் முதலாளி மாதம் ஒரு தரம் கால்நடையாகத் திருமலைக்கு ஏறுவார் என்று கேள்விப்பட்டு, விடிகாலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போய் மலையடிவாரத்தில் காத்திருந்தார். "ஆபீஸ்ல பார்த்தா அஞ்சு நிமிஷம். மலை ஏறுறப்போ எங்க ஓடுவாரு?" என்றார். முதலாளி வந்தார். வெறுங்கால், மஞ்சள் வேட்டி, கூட இரண்டு ஆட்கள். கரஸ்பாண்டண்ட் அவர் பக்கத்தில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார். கிடங்கு, பிண்ணாக்கு வாசனை, பையன்கள், லாப், வரப்போகிற கட்டடத்தில் முதலாளியின் தாயார் பெயரில் ஒரு கூடம் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே போனார். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு வாங்கிய இடத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், நடந்தார். வழியில் வருகிற காலி கோபுரத்தைத் தாண்டிய பிறகு கூட வந்த ஆள் என் காதருகே வந்து, ஐயாவுக்கு மௌன விரதம், தரிசனம் முடியும்வரை பேசமாட்டார் என்றான்.

நான் அதைக் கரஸ்பாண்டண்டிடம் சொன்னேன். அவர் நிற்கவில்லை. "தெரியும். பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு. அதான் நல்லது" என்றார்.

மேலே தரிசனம் முடிந்து வந்த முதலாளியை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று கரஸ்பாண்டண்ட்தான் என்னை மறு பக்கமாக அழைத்துக்கொண்டு போனார். ஊருக்கு வந்து சொன்னார்: "மலை அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் கேட்டுக்கினே வந்தாரு. ஒரு தடவ கூட இல்லைன்னு சொல்லல."

கமிட்டி ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதமும் எனக்குச் சம்பளம் வரவில்லை.

ஒருநாள் சம்பள விஷயமாகவே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் சம்சாரம் முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்காமலே தெரிந்துகொண்டு, "உங்களுக்கும் வந்துக்கினு இருக்குதுன்னாரா?" என்றார்.

"ஆமாம்மா."

"என்னப் பொண்ணு பார்க்க வந்தப்போ என் நைனா கேட்டாரு, கழனியில கிணறு கீதான்னு. கீதுன்னு சொன்னாரு இவரு. கல்யாணம் ஆயி வந்து பார்த்தா கிணறே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் வெட்டினாரு. ரெண்டு வருஷம் அவரே எறங்கி வெட்டினாரு. தண்ணி வரல." ஒரு கைப்பிடி கடலையை என் பக்கம் தள்ளினார். "துன்னுங்க. கெட்ட எண்ணம் கெடையாது தம்பி அவருக்கு. நம்ம மூஞ்சி வாடக் கூடாது, அவ்ளோதான். அதுக்கு நாமதான் பட்டினி கெடக்கணும்."

அதன்பிறகு எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை.

நாங்கள் சயன்ஸ் குரூப் ஆரம்பித்து இரண்டாவது வருஷம். திருப்பதியில் புதிதாக வந்திருந்த பல்கலைக்கழகம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தால்தான் எங்கள் பையன்கள் பரீட்சை எழுத முடியும். அந்த வேலையாக மட்டும் அவர் தனியாகப் போய்வந்தார். அங்கே தமிழ் பேசுகிற குமாஸ்தா ஒருவர் இருக்கிறார், நீ எதற்கு அலைகிறாய் என்றார். போய்வந்து, "எல்லாம் முடிஞ்சுது. பரீட்சைக்கு முன்னாடி ஹால் டிக்கெட் வந்துடும்" என்றார். நான் பாடத்தை நடத்தினேன்.

அந்த வகுப்பில் முனிரத்தினம் என்று ஒரு பையன். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமம். அவன் நைனா கோவிந்தசாமி, மானாவாரியில் கடலை போடுகிறவர். பையனின் படிப்புக்காக உழவு மாட்டு ஜோடியை விற்றிருந்தார். முனிரத்தினம் கெட்டிக்காரன். ஒரு தரம் சொன்னதை மறு தரம் சொல்ல விடமாட்டான்.

பரீட்சை சித்தூரில் ஒரு ஹைஸ்கூலில் நடந்தது. முதல் பஸ்ஸில் எல்லோரும் போனோம், கரஸ்பாண்டண்டும் வந்தார். ஹால் டிக்கெட் அதுவரை வரவில்லை. "திருப்பதியில இருந்து ஆள் எடுத்துக்கினு வர்றான்" என்றார். பையன்கள் கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றார்கள். பேனாவில் மை நிரப்பியாயிற்று. சட்டைகள் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தன. முதல் மணி அடித்தது. மற்ற காலேஜ் பையன்கள் உள்ளே போனார்கள். கரஸ்பாண்டண்ட் ரோட்டின் நடுவுக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்துத் திருப்பதிப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது மணி அடித்தது.

"சார், கேட்ட மூடுறாங்க சார்" என்றான் முனிரத்தினம்.

நான் ரோட்டுக்குப் போனேன். "ஐயா, யார் வர்றது?"

"வந்துக்கினு இருக்கான் நைனா."

"யார்? பேர் சொல்லுங்க."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வெயிலில் ரோடு வெறிச்சென்று கிடந்தது. ஒரு மாட்டு வண்டி வந்தது, அதில் வைக்கோல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஆள் என்று ஒருவனும் கிடையாது என்று.

பையன்கள் ஊருக்குத் திரும்பவில்லை. பரீட்சை முடிகிறவரை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்து வெளியே வந்த ஒரு பையனிடம் முனிரத்தினம் கேள்வித்தாளை வாங்கினான். முழுக்கப் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் தெரியும் சார்" என்றான்.

அன்று சாயங்காலம் கிடங்கில் வைத்து அவரைக் கேட்டேன். லாப் போதாது, அங்கீகாரம் தர முடியாது என்று பல்கலைக்கழகம் எப்போதோ சொல்லிவிட்டிருந்தது. கடைசி நாளுக்குள் எப்படியாவது மனம் மாறுவார்கள் என்று அவர் இருந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?" என்றேன். கத்தித்தான் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே புஸ்தகத்த மூடியிருப்பாங்க."

"வேற காலேஜுக்குப் போயிருப்பாங்க. ஒரு வருஷமாவது மிஞ்சியிருக்கும்."

அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "நானும் தெனம் சொல்லணும்னுதான் வருவேன் நைனா. நீ போர்டுல எழுதிக்கினு இருப்ப, அதுங்க எழுதிக்கினு இருக்கும். வாசல்ல நின்னு பார்ப்பேன். வாய் வராது."

அவர் வாசலில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். மேற்பார்வை பார்க்க வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கோவிந்தசாமி வந்தார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நாங்கள் பயந்தோம். அவர் கிடங்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்தார். "ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாட்ட வித்திருக்க மாட்டேனே ஐயா" என்றார். அவ்வளவுதான். கரஸ்பாண்டண்ட் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். கோவிந்தசாமிதான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பிறகு கரஸ்பாண்டண்ட் ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் போனார். தன் கழனியில் பாதியை விற்று, சில பையன்களைத் திருப்பதியில் சேர்த்துவிட்டார். முனிரத்தினம் சேரவில்லை. மதராசில் ஒரு மரக்கடையில் வேலைக்குப் போய்விட்டான். ஊர்க்காரர்களின் கோபம் அடுத்த மழைக்காலம்வரைகூட நிற்கவில்லை. எதிரே வந்து நின்று, "உடம்பு நல்லா கீதா? மாடு ஈன்னுச்சா?" என்று கேட்கிற மனிதரோடு எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்?

இதற்குள் தலைநகரம் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. எல்லைத் தகராறும் ஒரு முடிவுக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களும் ஏப்ரலில் மதராஸ் ராஜ்யத்தோடு சேரும். நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே இருக்கும். எங்கள் காலேஜ் இந்தப் பக்கம், பையன்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம். மதராசுக்குப் போய்க் கேட்டால், காலேஜ் ஆந்திராவில் இருக்கிறதே என்றார்கள். ஐதராபாத்தில் கேட்டால், பையன்கள் மதராஸ்காரர்களாக ஆகப்போகிறார்களே என்றார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் அலைந்தோம்.

அப்போதுதான் ஐதராபாத்தில் ஒரு வயதான அதிகாரி வாய்த்தார். கரஸ்பாண்டண்ட் வழக்கம்போல எழப் போனபோது, "கூர்ச்சோண்டி" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்காருங்கள் என்று அர்த்தம். நிதானமாகச் சொன்னார். எல்லை தாண்டி வருகிற பையன்களும் படிக்கலாம். கட்டடத்துக்கும் லாபுக்கும் ஆகிற செலவில் பாதியைச் சர்க்கார் கொடுக்கும். மறு பாதியைக் கமிட்டி மார்ச் முடிவதற்குள் சித்தூர் கஜானாவில் கட்டிவிட வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. அடுத்த வருஷம் இந்தத் திட்டமே கிடையாது. தவணை கேட்டு என்னிடம் வராதீர்கள், தர எனக்கு அதிகாரம் இல்லை.

கரஸ்பாண்டண்ட் முழுதாகக் கேட்டார். வெளியே வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "குடுத்துட்டாங்க நைனா. நிஜமாவே குடுத்துட்டாங்க" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாசி மாதம் கிடங்கில் கூட்டம் போட்டோம். எல்லாக் கிராமத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். எந்த ஊர் எவ்வளவு என்று பேசிப் பங்கு பிரித்தார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ராஜ்யம் மாறினாலும் இது நம்ம காலேஜ்தான் என்று பள்ளிப்பட்டுக்காரர்களே சொன்னார்கள். பிறகு கோவிந்தசாமி எழுந்தார்.

"எங்க பக்கம் கரும்பு இப்பதான் வெட்டிக்கினு இருக்காங்க. வெல்லப் பணம் கைக்கு வர சித்திரை ஆவும். எனக்கும் கடலை வித்தது கடனுக்குப் போயிடுச்சு. இப்பவே கட்டணும்னா பொண்ணு நகைய வெச்சுதான் குடுக்கணும். சித்திரையில குடுத்தா ஆவாதா ஐயா?"

கரஸ்பாண்டண்ட் அவரைப் பார்த்தார். மாட்டை விற்ற மனிதர் நகையை அடகு வைக்கிறேன் என்று நிற்கிறார். எனக்குக் கரஸ்பாண்டண்டின் முகம் தெரிந்தது. என்ன சொல்லப்போகிறார் என்றும் தெரிந்துவிட்டது.

"நகையெல்லாம் வெக்காதப்பா" என்றார். "சித்திரையில குடுங்க. நான் பேசிக்கிறேன்."

"ஆகாது" என்று நான் எழுந்தேன். "மார்ச்சோட முடியுது. ஒரு நாள் தள்ளினாலும் போச்சு. அந்த அதிகாரி தெளிவா சொன்னாரு. நானும் பக்கத்துல இருந்தேன்."

கூட்டத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க சம்பளக்காரரு வாத்தியாரே. அவசரம் உங்களுக்கு."

இரண்டொருவர் சிரித்தார்கள். நான் கரஸ்பாண்டண்டைப் பார்த்து, "சொல்லுங்க ஐயா" என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, "வாத்தியார் பயப்படுறாரு. கேட்டா ஒரு மாசம் குடுக்காமலா போயிடுவாங்க?" என்றார். எல்லோருக்கும் மனசு லேசாயிற்று. கலைந்து போகும்போது ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதம் முழுக்க நான் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய்ச் சொன்னேன். மோர் கொடுத்தார்கள். சித்திரையில் தருகிறோம் என்று கரஸ்பாண்டண்டிடம் சொல்லியாயிற்றே என்றார்கள். மார்ச் போயிற்று. ஏப்ரலில் பள்ளிப்பட்டு ரோட்டில் புதிதாக ஒரு செக்போஸ்ட் முளைத்தது.

சித்திரையில் அவர்கள் கொண்டுவந்தார்கள். இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. சொன்ன சொல் மாறாமல், வெல்லம் விற்ற பணத்தை, புடவை விற்ற பணத்தை, துண்டில் முடிந்து, மடியில் கட்டி, ஒரு ஊர் பாக்கியில்லாமல் கொண்டுவந்து கிடங்கில் வைத்தார்கள். நானும் அவரும் ஐதராபாத் போனோம். வயதான அதிகாரி எங்களைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டவில்லை. "செப்பினானு கதா" என்றார். சொன்னேனே என்றார்.

பணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். காலேஜ் அந்த வருஷமே மூடப்பட்டது. கிடங்கு மறுபடி கடலை மூட்டைக்குப் போயிற்று. எனக்குச் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவர் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார், மிச்சமிருந்த கழனியைப் பார்த்துக்கொண்டு. எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்கவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது காலேஜ் மூடிய சில மாதங்களில், காணிப்பாக்கத்தில்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் ஏதோ குளறுபடி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சர்க்கார் தன் பாதியைக் கொடுத்துவிட்டது, கரஸ்பாண்டண்ட் சாப்பிட்டுவிட்டார் என்று பேச்சு பரவியது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பேச்சு வந்தால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் போய்ச் சத்தியம் செய்யச் சொல்வது வழக்கம். அங்கே பொய் சொன்னால் தப்ப முடியாது என்று நம்பிக்கை. வருகிறேன் என்று அவரே சொல்லி அனுப்பினார். எனக்கும் ஆள் வந்தது. போனேன். ஊருக்கு இரண்டு பேராக வந்திருந்தார்கள். கோவிந்தசாமியும் வந்திருந்தார், இப்போது வேறு ராஜ்யத்திலிருந்து.

கரஸ்பாண்டண்ட் கோயில் குளத்தில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வந்து சன்னிதிக்கு எதிரே நின்றார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. "சர்க்கார் பணம் ஒரு காசு என் கைக்கு வரல. ஊர்ப் பணம் ஒரு காசு எங்கிட்ட இல்ல" என்று சொல்லிக் கற்பூரத்தைத் தொட்டார். வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். யாருக்கும் அவர் திருடினார் என்று உண்மையில் நம்பிக்கை இல்லை.

கோவிந்தசாமி முன்னால் வந்தார்.

"நான் ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு வாத்தியாரு மார்ச்சுன்னு சொன்னாரு. டைம் குடுக்க மாட்டாங்கன்னு உங்களுக்கும் தெரியுமா ஐயா?"

அவர் சன்னிதியைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

"பின்ன ஏன் சித்திரைன்னீங்க?"

"நீ பொண்ணு நகைய வெச்சிருப்ப."

"வெச்சிருப்பேன்" என்றார் கோவிந்தசாமி. அவர் குரல் உயரவில்லை. "வெச்சிருப்பேன் ஐயா. அடுத்த கடலையில மீட்டிருப்பேன்."

கரஸ்பாண்டண்டின் வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் வேறு ஏதோ வழக்குக்காரர்கள், அண்ணன் தம்பி போல இருந்தார்கள், முழுகிவிட்டு ஈரத்தோடு காத்திருந்தார்கள். கொஞ்சம் நகருங்கள் என்று அர்ச்சகர் தெலுங்கில் சொன்னார். நாங்கள் வழி விட்டோம்.